நான்கு வயல் நெல்

வல்லம் பக்கத்தில் அறுவடை முடிந்த ஒரு வயல். தொலைவில் செஞ்சிக் குன்றுகள் பாறை உருண்டைகளை அடுக்கிவைத்தாற்போல் நிற்கின்றன. வரப்போரம் குந்தியிருக்கும் இருளர் மூதாட்டி கையில் இருக்கும் கடப்பாரையை இன்னும் மண்ணில் வைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஒரு வளை வாயில் மண் காய்ந்து வெளுத்திருக்கிறது. நாலடி தள்ளி இன்னொன்றில் ஈரமண் பொடிப்பொடியாகக் குவிந்திருக்கிறது. பக்கத்தில் இரண்டு நெல்மணி.

“இது செத்த வளை தம்பி. எலி அதோ அதுல இருக்குது” என்கிறார்.

மற்ற வாய்களை மண்கட்டி வைத்து அடைக்கிறார். அடியில் ஓட்டை போட்ட பானைக்குள் வைக்கோலைத் திணித்துக் கொளுத்தி, வளை வாயில் கவிழ்த்து ஊதுகிறார். புகை உள்ளே போகிறது. அரை மணி நேரத்தில் எலியும் கிடைக்கிறது. அதன் களஞ்சியமும் திறக்கிறது. கத்தரித்ததுபோல் நறுக்கிய நெற்கதிர்கள், கைப்பிடி கைப்பிடியாக அடுக்கிவைத்தவை. “நாலு வூட்டு வயலு நெல்லும் இதுக்குள்ள கெடக்குது பாரு ஆயா!” என்கிறான் கூட வந்த பேரன்.

கதிர்களெல்லாம் ஒரே குவியல். எது எவர் வயலில் விளைந்தது என்று பிரிக்க முடியுமா? நெல்லில் அது கடினம். மனிதருக்குள் கிடக்கும் குவியலில் முடியும். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் அப்படி ஒரு களஞ்சியம் இருக்கிறது. எத்தனையோ முன்னோர், எத்தனையோ இடங்களிலிருந்து கொண்டுவந்து சேர்த்த கதிர்கள் அதில் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கிற கலைதான் மக்கள்தொகை மரபியல்.

அந்தக் கலையின் கதையில் இருளர்களுக்குத் தனி இடம் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அவர்கள் 1,89,661 பேர். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரோடு சேர்த்து, மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் என்று அரசு பட்டியலிட்டிருக்கும் ஆறு குழுக்களில் ஒன்று. நீலகிரிச் சரிவுகளில் இருக்கும் இருளர்களுக்குத் தனி மொழி உண்டு. செஞ்சி, திண்டிவனம், செங்கல்பட்டுப் பக்கத்துச் சமவெளி இருளர்கள் தமிழ் பேசுகிறார்கள்; மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் வம்சமும் ஒன்று என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே முடிவு கட்டுவதில்லை. எந்த ஊர், எந்தப் பேச்சு, பெண் எடுப்பது கொடுப்பது யாரோடு என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் சோதனைக் குழாயைத் திறக்கிறார்கள்.

நாலாயிரம் புத்தகமும் பாடபேதமும்

அந்தக் குழாய்க்குள் போவது இரண்டு மில்லி எச்சில். அதில் மிதக்கும் செல் ஒவ்வொன்றின் கருவுக்குள்ளும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீள டிஎன்ஏ இழை சுருண்டு கிடக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட வராத அறைக்குள், ஆளை விட நீளமான நூல்!

அந்த நூலில் நான்கே எழுத்துகளால் எழுதிய வாசகம் இருக்கிறது. ஒருவரின் மொத்த வாசகத்துக்கு ‘மரபணுத்தொகை’ என்று பெயர். தாயிடமிருந்து ஒரு படி, தந்தையிடமிருந்து ஒரு படி. ஒவ்வொன்றும் சுமார் 300 கோடி எழுத்து. பக்கத்துக்கு 1,500 எழுத்து வீதம் அச்சடித்தால் 20 லட்சம் பக்கம் வரும். ஐந்நூறு பக்கப் புத்தகமாகக் கட்டினால் 4,000 புத்தகம். ஒரு கிராமத்து நூலகத்தையே நிரப்பிவிடும்.

உங்கள் 4,000 புத்தகத்தையும் என் 4,000 புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஆயிரம் எழுத்துக்கு ஓரெழுத்துதான் மாறியிருக்கும். மற்ற 999-ம் ஒன்றே. ஆனாலும் 300 கோடியில் ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 30 லட்சம் மாற்றம். நம் கதை முழுக்க அந்த மாற்றங்களில்தான் இருக்கிறது.

உ.வே.சாமிநாதையர் சுவடிகளை எப்படி ஒப்பிட்டார் என்று நினைத்துப் பாருங்கள். ஏடெழுதுகிறவர் ஓரிடத்தில் ஓரெழுத்தைத் தவறவிட்டால், அந்த ஏட்டைப் பார்த்துப் படியெடுத்த எல்லா ஏட்டிலும் அதே தவறு தொடரும். ஆகவே ஒரே பிழையைச் சுமக்கும் இரண்டு ஏடுகள் ஒரே மூல ஏட்டின் பிள்ளைகள். பாடபேதங்களை வரிசையாக வைத்தால், எந்த ஏடு எதிலிருந்து பிறந்தது என்ற குடிவழி தானே எழுந்துவரும். டிஎன்ஏவிலும் இதேதான். தலைமுறைதோறும் படியெடுக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்து மாறுகிறது. இந்த ‘ஓரெழுத்து வேறுபாடு’கள்தான் நம் பாடபேதங்கள். விரல்நகம் அளவுள்ள ஒரு சில்லு, ஆளுக்கு ஆள் அடிக்கடி மாறுபடுகிற ஐந்தாறு லட்சம் இடங்களை மட்டும் பொறுக்கிப் படித்துவிடும். நாலாயிரம் புத்தகத்தையும் புரட்ட வேண்டியதில்லை.

தேசிங்கு காலத்தில் உங்கள் சொந்தக்காரர்கள்

இந்த நூலகத்தில் இரண்டு ஏடுகள் கலக்காமல் கைமாறுகின்றன. ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று 16,569 எழுத்துள்ள குட்டி ஏடு ஒன்று உண்டு; அது தாயிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இராமசாமி பிச்சப்பன் பிடித்தது இந்த ஒய் நூலைத்தான். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் அவர் குழு திரட்டிய குருதி மாதிரிகளில் ‘எம்130’ என்ற பழைய எழுத்து மாற்றம் தென்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய தொடக்கப் பயணிகளின் வழியில் தோன்றிய அந்தப் பெருங்கிளையின் வேறு சிறு கிளைகள் ஆஸ்திரேலிய முதற்குடிகளிடம் இருக்கின்றன. ஒரு பஸ் நிறுத்தத்தில் நிற்கும் ஆளின் இரத்தத்தில், கடற்கரையோரமாக ஒரு கண்டத்தின் விளிம்பைச் சுற்றி வந்தவர்களின் தடம்!

ஆனால் ஒய் நூல் சொல்வது ஒரே ஒரு கிளையின் கதை. மற்றவர்கள்? ஒரு கணக்குப் போடுவோம். உங்களுக்குப் பெற்றோர் 2 பேர், அவர்களைப் பெற்றவர்கள் 4, அடுத்து 8. தலைமுறைக்கு 28 ஆண்டு என்று வைத்தால், செஞ்சிக் கோட்டையை ஆண்ட தேசிங்கு போரில் மடிந்த 1714 ஆம் ஆண்டு நமக்கு 11 தலைமுறைக்கு முன்னால். அந்தப் படியில் உங்கள் முன்னோருக்கான இருக்கைகள் 2,048. ஒய் நூல் பேசுவது அதில் ஒரே ஒரு இருக்கையைப் பற்றி.

இன்னும் பின்னால் போனால் தலை சுற்றும். முப்பது தலைமுறை, அதாவது பிற்காலச் சோழர் ஆட்சி வரை சென்றால் இருக்கைகள் 107 கோடி. அன்றைக்கு உலகத்திலேயே அத்தனை பேர் இல்லை. ஆக, ஒரே ஆள் பல இருக்கைகளில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் இருக்கையிலும் என் இருக்கையிலும் அதே ஆள் இருக்கிறார். சொந்தம் என்பது கவிஞர்களுக்குத் தோன்றுவதற்கு முன்பே கணக்குக்குத் தெரிந்த விஷயம்.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. அந்த 2,048 பேரில் பெரும்பாலோரின் டிஎன்ஏ உங்களிடம் ஒரு துண்டுகூட இல்லை! பதினோரு தலைமுறை தாண்டி நம்மிடம் வந்து சேரும் வாசகம் சுமார் 700 துண்டுகளாகத்தான் வருகிறது. ஆளுக்கு ஒன்று என்று பங்கிட்டாலும் 700 பேருக்குமேல் பங்கு போகாது. குடும்ப மரத்தில் இருப்பவர் வேறு, மரபணுவில் இருப்பவர் வேறு.

மல்லிகையும் கனகாம்பரமும்

துண்டுகள் எப்படி உண்டாகின்றன? பூக்கடைக்கு வாருங்கள். ஒரு சரம் முழுக்க மல்லிகை. இன்னொன்று முழுக்கக் கனகாம்பரம். பூக்காரம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓரிடத்தில் வெட்டி, மல்லிகையின் பாதியைக் கனகாம்பரத்தின் பாதியோடு முடிச்சுப் போடுகிறார். அடுத்த முறை வேறோர் இடத்தில் வெட்டி, வேறொரு சரத்தோடு முடிக்கிறார். விந்தணுவோ சினைமுட்டையோ உருவாகும்போது நம் உடல் செய்வது இதே வேலை. பெயர் ‘குறுக்கேற்றம்’: தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் தங்கள் துண்டுகளைக் கைமாற்றிக்கொள்வது. ஒரு விந்தணு உருவாகையில் சுமார் 26 வெட்டு விழுகிறது. சினைமுட்டையில் நாற்பதுக்கும் மேல்.

நூறு முறை வெட்டி வெட்டி முடித்த சரத்தை எடுத்துப் பாருங்கள். வெள்ளை கொஞ்சம், ஆரஞ்சு கொஞ்சம் என்று துணுக்குத் துணுக்காக இருக்கும். நேற்றுக் கலந்த சரமென்றால் முழம் முழமாக ஒரே நிறம் ஓடும். ஆக, ஒரே நிறம் எத்தனை நீளம் ஓடுகிறது என்று அளந்தால் சரங்கள் முதன்முதலில் சேர்ந்த நாளைச் சொல்லிவிடலாம். டிஎன்ஏவில் நூறு தலைமுறைக்கு முன் கலந்த துண்டு இன்று சராசரியாகப் பத்து லட்சம் எழுத்து நீளத்துக்கு நறுங்கியிருக்கும். நூறு தலைமுறை என்றால் ஏறத்தாழ 2,800 ஆண்டு. கல்வெட்டு இல்லாத, செப்பேடு இல்லாத மக்களின் வரலாற்றுக்கு ஆண்டு குறிக்கும் கடிகாரம் எச்சிலுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

திண்டிவனம் – திருவண்ணாமலை சாலை

இந்தக் கருவிகளை இந்தியாவில் பெரிய அளவில் பூட்டிப் பார்த்த ஆய்வு 2009-ல் நேச்சர் இதழில் வந்தது. ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங், குமாரசாமி தங்கராஜ் இருவரும், ஹார்வர்டின் டேவிட் ரைக் குழுவும் சேர்ந்து 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரின் டிஎன்ஏவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களைப் படித்தார்கள்.

ஐந்து லட்சம் எண்களை மனிதக் கண் எப்படிப் பார்ப்பது? அதற்கு ‘முதன்மைக் கூறு ஆய்வு’ என்றொரு கணித உத்தி. ஆளுக்கு ஒரு புள்ளியாக வைத்து, டிஎன்ஏ ஒத்திருப்பவர்கள் அருகருகே வரும்படி ஒரே தாளில் வரைந்து காட்டும். ஐரோப்பியர்கள் ஒரு மூலையில் கொத்தாக விழுந்தார்கள். சீனர்கள் இன்னொரு மூலையில். இந்தியர்கள் கொத்தாக விழவில்லை; பெரும்பாலோர் ஒரு சாலைபோல் நீண்டு கிடந்தார்கள்.

நம் ஊர்ச் சாலையையே நினைத்துக்கொள்ளலாம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் சாலை. ஒரு முனை மேற்கு ஆசியரும் ஐரோப்பியரும் இருக்கும் திசையை நோக்குகிறது. மறுமுனை இந்த மண்ணின் முதல் வேட்டைக்குடிகளை நோக்குகிறது. ஒவ்வொரு சாதியும் ஒவ்வொரு பழங்குடியும் அந்தச் சாலையில் ஏதோ ஒரு நிறுத்தத்தில் நிற்கிறது. இருளர், பணியர், பளியர் போன்ற தென்னகப் பழங்குடிகள் இரண்டாம் முனைக்குப் பக்கத்து நிறுத்தங்களில் நிற்கிறார்கள்.

முனையிலேயே நிற்பவர் யார்? ஒருவரும் இல்லை! இரண்டு முனையும் காலி. சாலை என்ற ஒன்று உருவானதே, இரண்டு பழைய மக்கள் வெள்ளங்கள் வெவ்வேறு விகிதத்தில் கலந்ததால்தான் என்று ஆய்வு சொன்னது. முதல் வேட்டைக்குடிகளுக்கு உறவான, மேற்கத்திய வெள்ளம் கலக்காத மக்களாக அவர்களுக்குக் கிடைத்தவர்கள் அந்தமானின் ஓங்கே. அவர்கள்கூடப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன தூரத்துப் பங்காளிகள்தான். பெருநிலத்தில் எஞ்சியவர் எல்லோருமே கலந்தவர்கள். ‘தூய ஆதிகுடி’ என்று காட்டைக் கைகாட்டுபவரும் சரி, ‘தூய இரத்தம்’ என்று தன் நெஞ்சைத் தட்டிக்கொள்பவரும் சரி, இருவரும் அந்தச் சாலையில் இல்லாத நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்கிறார்கள்.

கலந்தது எப்போது? 2013-ல் பிரியா மூர்ஜானி தலைமையில் 73 குழுக்களைப் பூச்சர முறையில் அளந்தார்கள். விடை: சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடையில். அந்தக் கலப்பு ஒதுங்கி வாழும் பழங்குடிகளையும் விட்டுவைக்கவில்லை. சிந்துவெளி நகரங்கள் தளர்ந்தது முதல் நம் சங்கப் புலவர்கள் பாடிய காலம் வரை, இந்தத் துணைக்கண்டம் முழுக்கக் கதவுகள் திறந்து கிடந்தன.

ஒரு பெண்ணின் காதெலும்பு

இன்று வாழ்பவர்களின் டிஎன்ஏவை வைத்துப் பழங்காலத்தை ஊகிப்பது ஒரு வழி. பழங்காலத்தவரின் எலும்பையே கேட்பது இன்னொரு வழி. ஆனால் வெயில் டிஎன்ஏவின் எதிரி. சைபீரியப் பனியில் பத்தாயிரம் ஆண்டு பிழைப்பது நம் சித்திரை வெயிலில் சில நூற்றாண்டுகளிலேயே சிதைந்துவிடலாம். செஞ்சி வட்டாரத்துச் செத்தவரையிலும், இதே மாவட்டத்துக் கீழ்வாலையிலும் பாறையில் காவிச்சாயத்தால் மானும் மனிதரும் தீட்டியவர்களின் விரல் தடம் இருக்கிறது. அவர்களின் டிஎன்ஏ கையில் இல்லை.

அரியானாவின் ராக்கிகடியில் 61 எலும்பு மாதிரிகளில் முயன்று, ஒரே ஒரு பெண்ணின் உட்காதெலும்பிலிருந்துதான் படிக்கத்தக்க டிஎன்ஏ கிடைத்தது. உடம்பிலேயே மிக அடர்த்தியான எலும்பு அது. டிஎன்ஏவுக்குக் கடைசிப் புகலிடம். சிந்துவெளிக் காலத்துப் பெண் அவர். ஈரானியப் பழங்குடிகளுக்கு உறவான மரபும், இந்த மண்ணின் வேட்டைக்குடி மரபும் அவரிடம் கலந்திருந்தன. மத்திய ஆசியப் புல்வெளி மேய்ப்பர்களின் மரபு இல்லை. 2019-ல் இந்த முடிவும், 523 பழங்கால மனிதர்களை அலசிய இன்னொரு ஆய்வும் ஒரே நேரத்தில் வந்தபோது படம் தெளிந்தது. நம்மிடம் மூன்று ஓடைகள் கலந்திருக்கின்றன: முதல் வேட்டைக்குடிகள், சிந்துவெளியோடு தொடர்புடைய மக்கள், பிறகு வந்த புல்வெளி மேய்ப்பர்கள். எந்த ஓடை எத்தனை குடம் என்பதில்தான் ஊருக்கு ஊர், குழுவுக்குக் குழு வித்தியாசம்.

முதல் ஓடையின் வயது என்ன? 2,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் முழு மரபணுத்தொகையைப் படித்து 2025-ல் வெளியான ஆய்வு, நம் மரபின் பெரும்பகுதி சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய ஒரே பெரும்பயணத்துக்குப் போய்ச் சேர்கிறது என்கிறது. வழியில் நியாண்டர்தால் மனிதர்களோடும் கலந்தோம். அவர்களின் பங்கு நம்மிடம் ஓரிரு விழுக்காடு. இருளர்களிடம் முதல் ஓடை மிகுதியாக ஓடுகிறது, அவ்வளவுதான். அதே ஓடை செஞ்சிக் கடைத்தெருவில் நடக்கும் எல்லோரிடமும் ஓடுகிறது. அவர்கள் நம் கடந்தகாலம் அல்ல. நம்மோடு ஒரே பஸ்ஸில் வரும் சொந்தக்காரர்கள்.

கதவு சாத்தியபோது

திறந்து கிடந்த கதவுகள் பிறகு ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. தன் குழுவுக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் வழக்கத்துக்கு ‘அகமணம்’ என்று பெயர். அது எவ்வளவு இறுக்கமாக நடந்தது என்பதையும் டிஎன்ஏ பதிவு செய்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் 12 பழங்குடிகளையும் 19 பிற சமூகங்களையும் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோமை அலசி, பிச்சப்பன் குழுவினர் 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். யார் யாரோடு ஒத்திருக்கிறார் என்று பார்த்தபோது, பிழைப்பு முறைதான் முதலில் வந்து நின்றது. காட்டில் தேடி உண்பவர்கள், புன்செய் உழவர்கள், கைவினைஞர்கள் என்று தந்தைவழிகள் பிரிந்து கிடந்தன. எதைத் தின்றோம், எப்படி உழைத்தோம் என்பது யாரை மணந்தோம் என்பதைத் தீர்மானித்திருக்கிறது. அது இன்றும் எழுத்து எழுத்தாக இருக்கிறது.

கதவு சாத்தினால் என்ன ஆகும்? விதைக்கோட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, அதை மட்டும் வைத்துத் தலைமுறை தலைமுறையாக விதைத்து வாருங்கள். அந்தக் கைப்பிடியில் தற்செயலாக ஒரு பழுதுபட்ட மணி இருந்தால், நாளடைவில் வயல் முழுக்க அது பரவும். இதுதான் ‘நிறுவனர் விளைவு’. சிறு எண்ணிக்கையினரிடமிருந்து பெருகிய குழுவில், அந்தச் சிலரின் அரிய எழுத்து மாற்றங்கள் மலிந்துபோவது.

இது சின்னஞ்சிறு குழுக்களுக்கு மட்டும் நேர்வது என்றுதான் நினைப்போம். 2017-ல் தெற்காசியக் குழுக்கள் 263-ஐ அலசியபோது, 81 குழுக்களில் இந்த விளைவு பின்லாந்து மக்களிடம் இருப்பதைவிட வலுவாக இருந்தது. உலக மரபியலில் இதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டே பின்லாந்து. அந்த 81-ல் 14 குழுக்கள் பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள்தொகை கொண்டவை. கூட்டம் நெரியும் நாட்டுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத தீவுகள்! ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் பரவியிருக்கும் வைசிய சமூகத்தில், அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தைச் சிதைக்கும் நொதி குறைவாக இருப்பது மற்றவர்களைவிட ஏறத்தாழ நூறு மடங்கு அதிகம். மயக்க மருத்துவர் முன்னாலேயே தெரிந்துகொண்டால் வேறு மருந்து தருவார். தெரியாவிட்டால் நோயாளி மூச்சுவிட நெடுநேரம் தவிக்க நேரும். வம்சாவளிப் படிப்பு அறுவை அரங்குக்குள் நுழைகிற இடம் இது.

ஓரெழுத்தின் விலை

நீலகிரியில் இன்னொரு கதை. 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள இருளர் உள்ளிட்ட பழங்குடியினரின் குருதியைச் சோதித்து, கதிர் அரிவாள் பண்பைக் கண்டார்கள். இந்தியாவிலிருந்து வந்த முதல் அறிக்கைகளில் அதுவும் ஒன்று. குருதிச் சிவப்பணுக்களில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் 146 கண்ணிகள் உண்டு. அதில் ஆறாவது கண்ணி மட்டும் மாறிவிடுகிறது. காரணம், டிஎன்ஏவில் ஒரே ஓரெழுத்து மாறியதுதான். நாலாயிரம் புத்தகத்தில் ஓர் அச்சுப்பிழை! அதன் விளைவாக வட்டமான அணு கதிர் அரிவாளாக வளைந்து, நுண்குழாய்களில் சிக்கி, தாங்கமுடியாத வலியைத் தரும்.

இத்தனை தீங்கான எழுத்து ஏன் அழிந்துபோகவில்லை? ஒரு படி மட்டும் இருந்தால் நோய் வருவதில்லை. கூடவே, உயிர் பறிக்கும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கிறது. கொசு மண்டிய காட்டில் அது ஒரு கவசம். இருவரிடமிருந்தும் ஒவ்வொரு படியாக இரண்டும் சேரும் குழந்தைக்குத்தான் அது கத்தி. பெற்றோர் இருவரும் ஒரு படி சுமப்பவர்களானால், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு அந்த ஆபத்து உண்டு. காடு குறைந்தது, மலேரியா குறைந்தது; கவசம் மட்டும் கழற்றப்படாமல் நிற்கிறது. 2023 ஜூலையில் தொடங்கிய தேசியக் கதிர் அரிவாள் சோகை ஒழிப்புத் திட்டம், பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைச் சோதிப்பதை இலக்காக வைத்தது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்களில் அந்த வேலை அதற்கு வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டது. குருதி கொடுத்தவர்களுக்கு அதன் விடை பயன்பட வேண்டும் என்றால், அது இப்படித்தான்.

இருளர் மரபணு என்று ஒன்று உண்டா?

இவ்வளவும் படித்தபின் ஒருவர் கேட்கக்கூடும்: அப்படியானால் எச்சிலைச் சோதித்து இவர் இருளர், இவர் இல்லை என்று சொல்லிவிடலாமே? பழங்குடிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பல ஆண்டுகளாக நடப்பவர்களைக் கண்டவர்களுக்கு இது வெறும் கேள்வி அல்ல. விடை: முடியாது. இருளர் எல்லோரிடமும் இருந்து, மற்ற எவரிடமும் இல்லாத எழுத்து என்று ஒன்று கிடையாது. இருப்பதெல்லாம் விகிதங்கள். இங்கே நூற்றுக்கு முப்பது பேரிடம், அங்கே பத்துப் பேரிடம்.

அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் 1972-லேயே ஒரு கணக்குப் போட்டார். மனிதரிடையே காணும் மரபணு வேறுபாடுகளில் சுமார் 85 விழுக்காடு ஒரே மக்கள் குழுவுக்குள்ளேயே இருக்கிறது. அதாவது, ஒரே ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் இரண்டு பேருக்கிடையே உள்ள வித்தியாசம்தான் பெரிது. ஏரிக்கரைக்கும் அக்ரகாரத்துக்கும் இடையில் கூடுதலாக வருவது கொசுறு. ஒருவர் இருளர் என்பது அவர் பேச்சில், கும்பிடும் கன்னிமாரில், வளை வாயில் ஈரமண்ணைக் கண்டுபிடிக்கும் கண்ணில் இருக்கிறது. அந்தப் பார்வையைத் தாயிடமிருந்து மகள் கற்றுக்கொள்கிறாள். அது டிஎன்ஏவில் வருவதில்லை.

வயலுக்குத் திரும்புவோம். மூதாட்டி நெற்கதிர்களை முறத்தில் போட்டுப் புடைக்கிறார். மண் ஒரு பக்கம் விழுகிறது, நெல் ஒரு பக்கம் நிற்கிறது. பேரன் இன்னும் விடவில்லை. குவியலைக் கிளறி, இது மேட்டு வயல் கதிர், இது கால்வாய் ஓரத்துக் கதிர் என்று பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறான். நிறத்தைப் பார்க்கிறான், மணியின் நீளத்தைப் பார்க்கிறான். ஐதராபாத்திலும் ஹார்வர்டிலும் அவர்கள் செய்வதும் இதுதான்.

ஆயா அவன் பிரித்துவைத்த நான்கு கும்பலையும் ஒரே கையால் வாரி முறத்தில் போட்டுக்கொள்கிறார்.

“எல்லாம் ஒரே ஒலைக்குத்தான்டா போவப்போவுது.”